கஷ்ட காலத்தில் தொட்டிச்செடி உண்மையிலேயே தெம்பு தருமா?

கேள்வி (ஜூன் 3)

வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரச்சினை. பார்க்கிறவர்கள் எல்லாம் "நாலு செடி வை, மனசு லேசாகும்" என்கிறார்கள். நம்பி ஒரு ரோஜாவும் ஒரு மல்லிகையும் வாங்கி வைத்தேன். ரோஜா இலையை எல்லாம் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கிறது. ஏற்கெனவே இருக்கிற கவலை போதாது என்று இப்போது அதைப் பார்த்தும் கவலைப்படுகிறேன். செடி வைத்தால் நிம்மதி என்பதெல்லாம் நிஜமா, சும்மா பேச்சா?

பதில் (ஜூன் 3, இரவு)

நிஜம்தான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. "செடி வை" என்கிறவர்கள் பூவை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். பூவைப் பார்த்தால் சந்தோஷம் வரும் என்பது அவர்கள் கணக்கு. நல்ல நாளில் வரும். மோசமான நாளில் தொட்டி நிறையப் பூத்திருந்தாலும் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

அம்மா பக்கவாதம் வந்து படுத்த பிறகு, வீட்டில் நான் தனியாக நிற்கக் கிடைத்த இடம் பால்கனிதான். அங்கே அம்மா வைத்த தொட்டிகள் கொஞ்சம் இருந்தன. எனக்குச் செடிமேல் தனிப் பிரியம் எல்லாம் கிடையாது. தண்ணீர் ஊற்ற வேறு ஆள் இல்லை, ஊற்றினேன்.

அதில் எனக்கு எது உதவியது என்று யோசித்தால், அழகு இல்லை. அன்றைக்கு நான் செய்து முடித்த ஒரே வேலை அதுவாக இருந்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் "முடிந்தது" என்று ஒன்று வரவே வராது. ஒரு மாத்திரையைக் கொடுத்து நிமிர்வதற்குள் அடுத்த மாத்திரைக்கு நேரம் நெருங்கும். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினால் அடித்துளையில் வழியும். சரி, முடிந்தது, உள்ளே போகலாம். அந்த அளவுக்கு ஒரு வேலை கைக்கு வேண்டியிருந்தது.

ரோஜா விஷயம் நாளைக்கு. அது தனிக் கதை.

ஜூன் 4

கஷ்டத்தில் இருக்கிறவருக்கு ரோஜா வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று சட்டமே போடலாம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கேட்கும். காற்றோட்டம் கேட்கும். கரும்புள்ளி நோய், அசுவினி, இலைப்பேன், சிலந்திப்பேன் என்று வரிசையாக விருந்தாளிகள் வருவார்கள். தெம்பாக இருக்கிறவர்களே அதனிடம் தோற்றுப்போகிறார்கள்.

உங்கள் ரோஜா செத்துவிட்டது என்று இன்னும் முடிவு கட்ட வேண்டாம். நாற்றுப் பண்ணையில் ஒரு வெயில், ஒரு ஈரப்பதம் என்று பழகிய செடி வீட்டுக்கு வந்ததும் இலையைக் கொட்டும். அது சகஜம். தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்குக் கீழே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். பச்சை இருக்கிற இடத்துக்கு மேலே உள்ளதை வெட்டிவிடலாம்.

உரம் போடாதீர்கள். தொட்டி மாற்றாதீர்கள். வேர் தடுமாறிக்கொண்டிருக்கும்போது உரம் போட்டால் மண்ணில் உப்பு ஏறி, இருக்கிற வேரும் கருகும். எல்லாவற்றையும்விட முக்கியம், தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரண்டு கணு ஆழத்துக்கு விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம்.

கவலையில் இருக்கிறவர்களின் தொட்டியில்தான் தண்ணீர் அதிகம் நிற்கிறது. கவனித்துப் பாருங்கள். கை சும்மா இருக்காது, ஏதாவது செய்ய வேண்டும், செய்யக்கூடியது பூவாளியைத் தூக்குவது மட்டும். வேருக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். மண்ணின் இடைவெளி எல்லாம் தண்ணீராகவே நின்றால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இலை தொங்கும். பார்க்கிறவருக்கு அது தாகத்தால் வாடியது போலவே தெரியும். இன்னும் ஒரு குடம் ஊற்றுவார். வீட்டுச் செடிகளில் பாதிக்கு இந்த முடிவுதான் வருகிறது என்பது என் சந்தேகம். கணக்கெடுத்தது கிடையாது.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழித்து

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று ஒருவர் சேர்த்திருக்கிறார். வடியாது. மெல்லிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள கல்லுக்குத் தண்ணீர் சுலபத்தில் இறங்காது. மண் முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டும். அதனால் ஈரம் தேங்குகிற மட்டம் கல்லுக்கு மேலே ஏறி, வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். துளை இருக்கிறதா, மண் பொலபொலவென்று இருக்கிறதா, அதைப் பாருங்கள். தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் ஆற்று மணல் போதும். தொட்டி காற்றில் சாயாமல் இருக்கக் கல் போடுகிறேன் என்றால் அது வேறு விஷயம்.

ஜூன் 9

எதை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாரும் வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்வார்கள். அது சரி, அதை முதலில் பார்க்கத்தான் வேண்டும். மதிய நேரத்தில் தொட்டி வைக்கப்போகிற இடத்துக்கு மேலே கையை நீட்டுங்கள். நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் பூச்செடி வைக்கலாம். மங்கலாக விழுந்தால் இலைச்செடி. நிழலே விழவில்லை என்றால் மணி பிளான்ட், மருள் (ஸ்னேக் பிளான்ட்) இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு அப்புறம் நான் கேட்கிற கேள்வி வேறு. ஒரு நாளில் உங்களுக்கு மோசமான நேரம் எது?

எனக்குச் சாயங்காலம். வெளிச்சம் இறங்க இறங்க நெஞ்சில் ஏதோ கனக்கும். அந்த நேரத்துக்கு என்று பார்த்து அந்திமந்தாரை வைத்தேன். காலையெல்லாம் ஒன்றும் காட்டாமல் நிற்கும். பொழுது சாய்கிற நேரத்தில் விரியும், வாசனையும் அப்போதுதான். மறுநாள் காலையில் சுருங்கிவிடும். கறுப்பு விதையை ஊன்றினால் போதும், கிழங்கு போல வேர் வைத்துக்கொண்டு மேலே காய்ந்தாலும் மறுபடி தழைக்கும். விதையும் வேரும் நஞ்சு, குழந்தைகள் இருக்கிற வீட்டில் கவனம்.

காலையில் எழுந்திருப்பதுதான் கஷ்டம் என்றால் பத்துமணிப் பூ. வெயில் ஏறினால் விரியும், மேகமாக இருந்தால் அது பாட்டுக்கு மூடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட நாளில் எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதைகூட வரும். ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு மல்லிகை, கேட்டவரிடமே ஒன்று இருக்கிறது. வெயில் இடத்துக்கு மாற்றுங்கள், பூத்து முடிந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள்.

எந்த நேரமும் ஒரே மாதிரி என்கிறவர்களுக்கு நித்தியகல்யாணி. பெயருக்கு ஏற்ற மாதிரி பூத்துக்கொண்டே இருக்கும், சுவர் விரிசலில்கூட முளைக்கும். அதை எதுவும் செய்ய வேண்டாம். செய்யாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஜூன் 10

"செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும், அதனால்தான் மனசு லேசாகிறது" என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. இது 1989-இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு. அந்தச் சோதனை மூடி அடைத்த சிறிய அறைகளில் நடந்தது. விண்கலத்துக்காக யோசித்தார்கள். நம் வீட்டில் கதவிடுக்கு, ஜன்னல் வழியாகவே காற்று மாறிக்கொண்டிருக்கிறது. 2019-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். அந்தக் காற்றோட்டத்துக்கு இணையாகச் செடிகள் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் ஒரு சதுர மீட்டருக்குப் 10 முதல் 1000 செடி வரை வேண்டும் என்று வந்தது. அந்த வீட்டில் செடி இருக்கும், நாம் இருக்க முடியாது.

ஜன்னலைத் திறங்கள். செடியை வேறு காரணத்துக்காக வையுங்கள்.

ஜூன் 17

"உங்கள் அனுபவம் சரி, ஆராய்ச்சி ஏதாவது உண்டா" என்று கேட்டதற்கு. உண்டு, ஆனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

ரோஜர் உல்ரிச் 1984-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது பிரபலம். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பழைய பதிவுகளை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிந்த அறையில் இருந்தவர் ஒருவர், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர் ஒருவர் என்று ஜோடி சேர்த்தார். மொத்தம் 23 ஜோடி. மரம் பார்த்தவர்கள் சற்றுச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகக் கேட்டார்கள். நல்ல ஆய்வு, சின்ன ஆய்வு. அது மரத்தின் குணமா, சுவரின் குற்றமா என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. நாள் முழுக்கச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் யாருக்குத்தான் வலிக்காது.

எனக்கு மனதில் நின்றது இன்னொன்று. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் 1976-இல் வெளியிட்டது. கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லம். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், "இங்கே உங்கள் விஷயங்களை நீங்களே முடிவு செய்யலாம்" என்று சொல்லி, தொட்டிச்செடி வேண்டுமா என்று கேட்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றுவது அவர்கள் பொறுப்பு. இன்னொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் "செவிலியர்கள் பார்த்துக்கொள்வார்கள், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்தார் சுறுசுறுப்பாகவும் கலகலப்பாகவும் ஆனார்கள் என்று பதிவு.

இரண்டு தளத்திலும் செடி இருந்தது. அதைக் கவனியுங்கள். ஒன்றரை வருடம் கழித்து முதல் தளத்தில் இறப்பும் குறைவு என்று எழுதினார்கள். அந்த இறப்புக் கணக்கை அவர்களே பின்னால் திருத்தி, முதலில் சொன்ன அளவுக்கு உறுதியில்லை என்றார்கள். அதனால் "செடி ஆயுளைக் கூட்டும்" என்று யாராவது இதைக் காட்டினால் நம்ப வேண்டாம். முதல் தளத்தாருக்குச் செடியைத் தவிர வேறு சில முடிவுகளும் கொடுக்கப்பட்டன. செடியை மட்டும் தனியே பிரித்துப் பாராட்ட முடியாது.

ஜூன் 18

மண்ணில் இருக்கிற பாக்டீரியா சந்தோஷத்தைத் தருகிறது என்பது பற்றி: 2007-இல் வந்த அந்த ஆய்வு எலிகளில் நடந்தது, பாக்டீரியாவை ஊசியில் ஏற்றினார்கள். நாம் தொட்டியைக் கிளறுவதும் அதுவும் ஒன்றில்லை.

மண் வாசனை மட்டும் நிஜம். ஜியோஸ்மின் என்ற பொருள், மண்ணிலுள்ள ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. மிக மிகச் சொற்ப அளவு இருந்தாலும் மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். காய்ந்த தொட்டியில் தண்ணீர் ஊற்றியதும் ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். காசா பணமா.

ஜூலை 2

ஒரு விஷயத்தை எழுத விட்டுப்போயிற்று.

உடம்பு சரியில்லாதவர் இருக்கிற வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரே விஷயம்தான் பேசுவார்கள். "இப்ப எப்படி இருக்காங்க? டாக்டர் என்ன சொல்றார்? என் மாமியாருக்கும் இப்படித்தான்..." என்று போகும். நாமும் அதே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். அம்மா கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சுதான் சரியாக வராதே தவிர, காது நன்றாகக் கேட்கும்.

பால்கனியில் ஒரு பாகற்கொடி தானாக முளைத்தது. உரத்தோடு விதை வந்திருக்கும். கம்பியைப் பிடித்து ஏறி, துணி உலர்த்தும் கயிற்றுக்குத் தாவி, அம்மா படுத்திருக்கிற ஜன்னல்வரை வந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிறவர்கள் முதலில் கொடியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். "இதென்ன, பாகலா? ஆண் பூ உதிருதே, அது அப்படித்தான், பெண் பூவுக்குப் பின்னாடி பிஞ்சு இருக்கும் பாரு." எங்கள் வீட்டில் நோயைத் தவிர இன்னொரு செய்தியும் இருந்தது. அம்மாவிடமும் அதைப் பற்றிப் பேசினார்கள். "என்னம்மா, உங்க ஜன்னல்ல கொடி ஏறுது!" அவர் இடது கையால் "போகட்டும்" என்று காட்டுவார்.

காய் ஒன்றும் பெரிதாக வரவில்லை. தேனீ அவ்வளவு உயரத்துக்கு வருவது குறைவு, நான் கையால் மகரந்தம் தடவவும் இல்லை. யாருக்கு அப்போது காய் வேண்டியிருந்தது.

ஜூலை 5

ஜூன் மூன்றாம் தேதி எழுதியதில் ஒரு சேர்க்கை. "தண்ணீர் ஊற்றினேன், முடிந்தது" என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியென்றால் நிறையத் தொட்டி வைத்தால் நிறைய நிம்மதியா" என்று கேட்கிறார். இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் தொட்டியும் இன்னொரு நோயாளி. நம்மைச் சுற்றி நமக்காகக் காத்திருக்கிற வாய்களின் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான்.

முதியோர் இல்லத்து ஆய்வை இதோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே ஒரு தளத்தில் செடி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதில் இருந்தது. கஷ்டத்தில் இருக்கிறவர் வாழ்க்கையில் அவரைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை. வேலை போனது கேட்டா போனது? நோய் கேட்டா வந்தது? எந்தத் தொட்டி எங்கே, எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்பதில் மட்டும்தான் அவர் சொல் செல்லும். உறவினர் நல்லெண்ணத்தோடு ஆறு தொட்டி கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டுப் போனால் அந்தச் சொல்லும் போயிற்று.

ஆகவே பரிசாகச் செடி கொடுக்க நினைப்பவர்கள் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் ரோஜாவை நீங்கள் பிடுங்கி எறியலாம் என்பதும் இதில் சேர்த்தி. பாவம் ஒன்றும் வராது.

ஜூலை 6

மருத்துவர் தேவைப்படுகிற மனச்சோர்வுக்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். படுக்கையை விட்டு எழவே முடியவில்லை, சாகத் தோன்றுகிறது என்ற நிலையில் இருக்கிறவரிடம் போய் "கற்றாழை வை" என்று சொல்லாதீர்கள்.

ஜூலை 21

கைதிகள் தோட்டம் போட்டதைப் பற்றி ஒருவர் எழுதியதும் மண்டேலா ஞாபகம் வந்தது. ராபன் தீவுச் சிறையில் முற்றத்தில் ஒரு துண்டு நிலம் கேட்டு வருடக்கணக்காக மனுப் போட்டிருக்கிறார். கடைசியில் சுவரோரம் குறுகலான ஒரு பாத்தி கிடைத்தது, கல்லும் வறட்சியுமான மண். தக்காளி, மிளகாய், வெங்காயம் என்று ஆரம்பித்தார். 1982-இல் போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றியபோது அங்கே மண்ணே இல்லை, சிமென்ட் மொட்டைமாடிதான். அதிகாரிகளிடம் எண்ணெய் பீப்பாய்கள் பதினாறு வாங்கி, பாதி பாதியாக வெட்டி, 32 பெரிய தொட்டிகளாக ஆக்கினார். ஒரு சமயம் கிட்டத்தட்ட 900 செடிகள் அங்கே இருந்தன. விளைந்ததைச் சக கைதிகளின் சமையலுக்கும் கொடுத்தார், காவலர்களுக்கும் கொடுத்தார்.

நான் ஐந்தாம் தேதி தொட்டியைக் குறைவாக வையுங்கள் என்றேன், இவர் 900 வைத்தார் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவருக்கு நேரம் இருந்தது. உங்களுக்கும் எனக்கும் அது இல்லாததுதான் பிரச்சினை.

இன்னொருவர் டெரெக் ஜார்மன், ஆங்கிலேயத் திரைப்பட இயக்குநர். 1986-இல் எச்ஐவி இருப்பது தெரிந்தது. அப்போது அதற்குச் சரியான சிகிச்சை கிடையாது. டஞ்சனெஸ் என்ற கடலோரத்தில், அணுமின் நிலையத்தின் பக்கத்தில் ஒரு கறுப்பு மரவீடு வாங்கி, வெறும் கூழாங்கல்லில் தோட்டம் போட்டார். உப்புக்காற்று அடிக்கிற இடம். அங்கேயே இயல்பாக வளர்கிற கடற்கரைச் செடிகளையும், கரை ஒதுங்கிய கட்டைகளையும், துருப்பிடித்த இரும்பையும் சேர்த்துச் செய்தது. வேலி கிடையாது. 1994-இல் அவர் இறந்துவிட்டார். தோட்டம் இன்றும் இருக்கிறது, ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்தது அவர் இடத்தோடு மல்லுக்கட்டவில்லை என்பது. அங்கே ரோஜாத் தோட்டம் போடத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இருந்த காலமும் உப்பைத் திட்டியே போயிருக்கும். ரோஜாவை நான் விடமாட்டேன் போலிருக்கிறது.

ஜூலை 22

முக்கியம். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது, அவரையே மண் வேலையில் இறக்கலாமா என்று கேட்டவருக்கு: அவருடைய மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் மண்ணில் உள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும் ஆபத்து. அறைக்குள் தொட்டி வைப்பதையே பல இடங்களில் தடுப்பார்கள். அவர் ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும், எதை எங்கே வைப்பது என்று சொல்லட்டும், கையை நீங்கள் அழுக்காக்குங்கள்.

மற்றவர்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பையில் வருகிற மண் கலவையைப் பிரிக்கும்போது முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள், தூசி கிளம்பாமல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவில் ஒரு வகை அதில் இருக்கலாம், மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும். பயமுறுத்தவில்லை. முகமூடி இப்போது எல்லார் வீட்டிலும் கிடக்கிறது, அதற்கும் ஒரு வேலை.

இதே பேச்சில் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்ன நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து உலகமெல்லாம் பரவிய செடி. அதிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு மருந்துகளும் வந்தன. 1950-களில் கனடாவில் நீரிழிவுக்கு உதவுமா என்று அதைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளை அணுக்களைக் குறைக்கிறது என்று கண்டார்கள். அங்கிருந்து ரத்தப் புற்றுநோய் மருந்துவரை போனது. இதைப் படித்துவிட்டு யாரும் இலையைக் கிள்ளி மெல்லக் கூடாது, செடியாகத் தின்றால் நஞ்சு. ஆனால் அந்த மருந்து ஏறுகிற ஒருவர் வீட்டு வாசலில் அந்தச் செடி பூத்து நிற்கலாம் என்பது எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 11

சோகம் சோகம் என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். கோபத்தை யாரும் பேசவில்லை. கஷ்ட காலத்தில் எனக்கு அதிகம் வந்தது கோபம்தான். காப்பீட்டுக்காரரோடு தொலைபேசியில் பேசி வைத்த பிறகு கை நடுங்கும்.

அதற்குச் செம்பருத்தி. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் வெட்டலாம். புதுத் தளிரில்தான் அது மொட்டு வைக்கும், ஆகவே வெட்ட வெட்டக் கிளை பிரிந்து பூக்கும். கணுவுக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே வெட்டுங்கள். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். காப்பீட்டுக்காரர் மறுபடி அழைப்பார், அதற்கும் கொஞ்சம் கிளை மிச்சம் இருக்கட்டும்.

மாவுப்பூச்சியும் நல்லது. பஞ்சில் மருந்துக்கடை ஸ்பிரிட் (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுப்பது. எதிரி கண்ணுக்குத் தெரிகிறான், தொட்டால் சாகிறான். அந்த மாதிரி எதிரி வாழ்க்கையில் வேறெங்கே கிடைக்கும்? அதிகமாகப் பரவியிருந்தால் வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் கலந்து, வெயில் இறங்கிய பிறகு தெளிக்கலாம்.

ஆகஸ்ட் 12

எதையும் கொல்லாமல் கோபம் தணிய வழி கேட்டவருக்கு: மண் கட்டிகளை உடைக்கலாம்.

ஆகஸ்ட் 30

கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், சந்தோஷம். ரோஜாவை எறிந்துவிட்டு அந்தத் தொட்டியில் வெந்தயம் தூவினாராம். நல்ல காரியம். இரண்டு மூன்று நாளில் தலை காட்டும். தளர்ந்த மனதுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கத் தெம்பு கிடையாது. முதலில் சீக்கிரம் வருவதைப் போட்டு, அப்புறம் நாளாகிறதைப் போடலாம்.

முளை எல்லாம் ஒல்லியாக நீண்டு சாய்கிறது என்கிறீர்கள். வெளிச்சம் போதவில்லை, அதைத் தேடி நீள்கிறது. ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். நெருக்கமாகத் தூவியிருந்தாலும் இப்படி ஆகும், கொஞ்சத்தைக் கிள்ளிவிடுங்கள்.

"நாளைக்கு என்ன ஆகுமோ" என்று மட்டுமே இருந்த மனதில் "நாளைக்கு இன்னும் எவ்வளவு வந்திருக்கும்" என்றும் ஒன்று வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கும். முதலாவது போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குப் போகவில்லை.

செப்டம்பர் 14

நாலைந்து நாள் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் தொட்டிகளை என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இது தெரியாமல்தான் பாதிப் பேர் திரும்பி வந்து காய்ந்த செடியைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

போவதற்கு முன் எல்லாத் தொட்டியையும் வெயிலிலிருந்து நிழலுக்கு இழுத்து, நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். ஒன்றின் ஈரம் இன்னொன்றுக்கு உதவும். மண்ணின் மேல் காய்ந்த இலையோ நாரோ பரப்பினால் ஈரம் சீக்கிரம் போகாது. அதிகம் குடிக்கிற செடிகளுக்கு மட்டும் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பருத்திக் கயிற்றின் ஒரு முனையை அதில் மூழ்கவிட்டு, மறுமுனையை மண்ணுக்குள் விரல் ஆழத்துக்குப் புதையுங்கள். கயிற்றை முழுதாக நனைத்த பிறகு வைக்க வேண்டும், பாத்திரம் தொட்டி மண்ணின் உயரத்துக்கு இருந்தால் நல்லது.  சுட்ட மண் தொட்டி பிளாஸ்டிக் தொட்டியைவிடச் சீக்கிரம் காயும், கயிறு குறைவாக இருந்தால் அவற்றுக்கு முதலில் வையுங்கள்.

மருளையும் கற்றாழையையும் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். இலையிலேயே தண்ணீரைச் சேமித்துக்கொண்டு, பகலில் துளைகளை மூடி, ராத்திரியில் திறந்து மூச்சு விடுகிற சாதி அவை. வாரக்கணக்கில் தாங்கும். பக்கத்து வீட்டுக்காரர் "நான் ஊற்றுகிறேன்" என்று சொன்னால், அந்த இரண்டையும் அவர் கண்ணில் படாமல் உள்ளே வைத்துவிடுங்கள்.